கடலோரம் தனியே போனவர்கள்

தமிழில் இப்போது கடலோரமாகத் தனியே போய்வருவது ஓர் இலக்கிய காரியமாகிவிட்டது. ஒரு மோட்டார் சைக்கிள், நாலைந்து நாள் விடுப்பு, தோளில் ஒரு பை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே புறப்பட்டு தனுஷ்கோடி வரையிலோ கன்னியாகுமரி வரையிலோ போய்த் திரும்பியதும் ஒரு கட்டுரை. கட்டுரை எழுத வராதவருக்கு ஏழெட்டுக் கவிதைகள். கடந்த சில வருஷங்களில் நம் சின்ன வட்டத்துக்குள்ளேயே இப்படி எழுதியவர்கள் ஒரு டஜன் தேறும். பெயர்கள் வேண்டாம். அவர்களில் இருவர் என் நண்பர்கள். ஒருவர் தேர்ந்த கவிஞர், அவருடைய மற்றக் கவிதைகளைப் பற்றி இதே பக்கங்களில் எழுதத் தயாராக இருக்கிறேன். ஆனால் பன்னிரண்டையும் சேர்த்துவைத்துப் படித்தபோது ஒரே ஆள் பன்னிரண்டு தடவை போய்வந்ததுபோல் இருந்தது. கடல் ஒன்றுதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒன்றாக இருப்பது கடல் அல்ல, ஜோடனை.

ஜோடனையின் அங்கங்கள் வாசகருக்குத் தெரிந்தவைதாம். விடியற்காலை, மனித சஞ்சாரமற்ற கரை. பிரம்மாண்டத்தின் முன் 'நான்' கரைவது. பிறகு ஒரு கிழ மீனவர். அவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்; அது தத்துவ வாக்கியமாக இருக்கும். சொல்லிவிட்டு மறைந்துபோவார். பிறகு டீ, மறுபடி சாலை, மறுபடி தனிமை. கடைசிப் பத்தியில் எழுதியவர் ஊர் திரும்புகிறார், ஆனால் திரும்பியவர் போனவர் அல்ல. இந்தக் கடைசி விஷயத்தை நான் நம்பவில்லை. திரும்பியவர் அச்சாகப் போனவரேதான். எழுத்தே சாட்சி.

நானும் இந்தச் சாலையில் போன மே மாதம் ஆறு நாள் போனேன். சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை, தனியாகத்தான், சேர்த்துவைத்த விடுப்பில். ஆகவே வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு மட்டும் பேசவில்லை. முதலில் சாலையைப் பற்றியே சொல்ல வேண்டும், ஏனென்றால் போய்வந்தவர்கள் அதைத்தான் பார்க்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரைக் கேட்டால் இடது பக்கம் கடல் கூடவே வரும் என்று தோன்றும். வராது. திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது மதில்சுவர். பங்களா மதில், விடுதி மதில், கல்யாண மண்டப மதில். கடற்கரையில் கட்டடங்கள் எழும்புவதைக் கட்டுப்படுத்த 1991-இல் ஓர் அறிவிக்கை வந்தது. 2011-இலும் 2019-இலும் அதைத் திருத்தி எழுதினார்கள். மதில்கள் அறிவிக்கைகளைப் படிப்பதில்லை. அப்பால் கடல் இருக்கிறது என்பதைக் கையில் ஒட்டும் பிசுபிசுப்பை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக்கு ஒதுங்கிச் சாலை மேற்கே போய்விடும். மரக்காணத்தில் கண்ணுக்கு எட்டியவரை உப்புப் பாத்தி. கடலூருக்குத் தெற்கே சாலை ஊருக்குள்ளே இறங்கிச் சிதம்பரம், சீர்காழி என்று நெல் வயல்களோடு போகிறது. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேருகிற சேற்றுப் பிரதேசத்தில் சாலைக்கு வேலை இல்லை. நாகப்பட்டினத்துக்கும் கீழே வேதாரண்யத்தில் மறுபடி உப்பளம், முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு. அதிராம்பட்டினத்திலிருந்து தொண்டி வரை கடல் கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது யாரும் தேடிப்போன கடல் இல்லை. பாக் விரிகுடா பல இடங்களில் பத்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அலை என்று சொல்லும்படி எதுவும் வராது. மே மாத மத்தியானத்தில் அது ஒரு பெரிய ஏரி மாதிரி, கழுவிவிட்ட சிமெண்ட் தரை மாதிரிக் கிடக்கும். அழுகிய கடற்பாசியின் வாடை அடிக்கும்.

இத்தனை தூரத்தில் கடல் சாலையோடு சேர்ந்து வருகிற இடங்களைக் கூட்டினால் சொற்பம். ஆனால் கட்டுரைகளில் கடல் ஓயவே ஓயாது. மாமல்லபுரம், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்ட ஆரம்பித்த கோட்டை, தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயம்: மூன்று புள்ளிகளை வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதையெல்லாம் அலையால் நிரப்பிவிடுகிறார்கள். இது பொய் சொல்வது என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்ல வேண்டுமானால் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். மிகவும் பாராட்டப்பட்ட கட்டுரை ஒன்றில் தெற்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் மௌனம் வருகிறது. நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசியபடி அசையாமல் நிற்கின்றன, மனிதர் இல்லை, காலம் உறைந்திருக்கிறது, எழுதுகிறவருக்கு மரணம் பற்றிய ஒரு பிரக்ஞை உண்டாகிறது. பத்தி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. அவர் போனதும் மே மாதம்தான் என்பது கட்டுரையில் வேறொரு இடத்தில் தெரிகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும் என்பதற்காக அரசாங்கம் விதிக்கிற தடைக்காலம். 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. காலம் உறையவில்லை, காலண்டரில் இரண்டு மாதம் சிவப்பு அடித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த மௌனத்துக்குள் என்னென்ன நடக்கிறது என்பது கரையில் நாலு பேரிடம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும். அடிப்பலகை மாற்றுகிறார்கள், வலை பொத்துகிறார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், கூலிக்குப் போகிறவர்கள் கேரளத்துக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

எனக்கு இது தெரிந்திருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. நான் வங்கிக் குமாஸ்தா. கடலோர ஊர் ஒன்றின் கிளையில் ஐந்து வருஷம் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். ஏப்ரல் மூன்றாவது வாரம் ஆனால் வரிசை வாசல் வரைக்கும் போகும். வளையல், சங்கிலி, கடைசியில் தோடு. தோடு கழற்றிய துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு வருவார்கள். ஜூலையில், பாடு சரியாக இருந்தால், மீட்க வருவார்கள். சரியாக இல்லாவிட்டால் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பார்கள். 61 நாளின் மௌனத்தை நான் பேரேட்டில் எழுதியிருக்கிறேன். அதை வைத்துக் கட்டுரை எழுதியவரை மடக்குவது என் நோக்கமில்லை. அவருக்கு நகைக்கடன் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தன் முன்னால் நிற்கிற ஒன்று ஏன் அப்படி நிற்கிறது என்று கேட்கக்கூடத் தோன்றாத மனசு, அதை உடனே தன் மரணத்துக்கு உவமையாக எடுத்துக்கொள்கிற மனசு, கவிமனசா என்பதுதான் கேள்வி. வார்த்தைக்கு வார்த்தை அனுபவம் அனுபவம் என்று சொல்கிறவர்கள் நாம். அனுபவம் என்பது வெளியிலிருந்து ஒன்று வந்து நம்மேல் மோதுவது என்றால், இங்கே எதுவும் மோதவில்லை. அவர் கொண்டுபோனதையே கொண்டுவந்திருக்கிறார்.

இந்த வியாதி நம்முடைய சொந்தச் சரக்கும் அல்ல. பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால் அதன் ஊர்ப்பெயர் எனக்குத் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் என்கிற பாதிரியார் வை நதியோரம் போய்வந்து 1782-இல் ஒரு புத்தகம் போட்டார். இயற்கையைச் சித்திரம்போலப் பார்ப்பது எப்படி என்று ஒரு தலைமுறைக்கே அது பாடப் புத்தகமாயிற்று. அந்தக் காலத்துப் பயணிகள் சட்டைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பார்கள். குவிந்த பரப்பு, லேசாக இருண்ட சாயம். பிரெஞ்சு ஓவியர் க்ளோத் லொரேனின் பெயரால் அழைக்கப்பட்டது. அழகான இடம் வந்ததும் அந்த இடத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணாடிக்குள் அதைப் பார்க்க வேண்டும். அப்போது அது க்ளோதின் ஓவியம்போல் தெரியும். கவி தாமஸ் கிரே 1769-இல் ஏரிப் பிரதேசத்தில் சுற்றும்போது இப்படிக் கண்ணாடியைக் கையில் விரித்தபடி ஒரு சேற்றுச் சந்தில் மல்லாந்து விழுந்தார். விரல் முட்டிகள் பெயர்ந்ததோடு தப்பித்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். நம்முடைய பயணிகள் விழுவதுகூட இல்லை. கைபேசியை நீட்டிக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள், படம் எடுத்ததும் வண்டியைக் கிளப்புகிறார்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகும் நிற்கிற திசைகூட மாறவில்லை.

தனிமைக்கும் இதேபோல ஒரு பூர்வோத்தரம் உண்டு. வேர்ட்ஸ்வொர்த் தன்னந்தனியே அலைந்து டாஃபடில் பூக்களைக் கண்டதாக எழுதிய கவிதை 1807-இல் புஸ்தகத்தில் வந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒப்பித்தது. பூக்களைக் கண்டது 1802 ஏப்ரல் 15. அன்றைக்கு அவரோடு கூட நடந்துபோனவர் தங்கை டாரத்தி. பூக்கள் எப்படி இருந்தன, காற்று எப்படி அடித்தது என்றெல்லாம் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்ததும் அவள்தான். கவிதையில் தங்கை இல்லை. நல்ல கவிதை என்பதால் அதை மன்னித்துவிடலாம், மன்னிக்கவும் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த நீக்கத்தை மட்டும் பாரம்பரியமாக எடுத்துக்கொண்டு, கவிதையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்களை என்ன செய்வது?

நம்முடைய தனிப் பயணியோடு எத்தனை பேர் கூட வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். பங்க்சர் ஒட்டுகிறவர், விடுதியில் தண்ணீர் இறைக்கிற பையன், மீன் பொரித்துப் போடுகிற அம்மாள். தனுஷ்கோடியில் மனித வாசனையே இல்லை என்று எழுதியவர் அதே பத்தியில் வாழையிலையில் பொரித்த மீன் தின்கிறார். பொரித்தது யார்? பெண்கள் விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன்: இதே சாலையில் ஒரு பெண் ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக நின்றால் 'தனியாக' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் வரும் என்று இந்த ஆண் கவிகள் தங்கள் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

என் வண்டியின் செயின் மணமேல்குடி தாண்டி அறுந்தது. வெயில். ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டில் போன ஒருவர் நின்று, திரும்பி வந்தார். ஐம்பது வயசு இருக்கும்.

"எந்த ஊரு தம்பி?"

"மெட்ராஸ்ங்க அண்ணே."

"இங்கிட்டு என்ன ஜோலி?"

"ஜோலி ஒண்ணுமில்லேங்க. சும்மா, கடலோரமாப் பாத்துக்கிட்டே போறேன்."

"எதைப் பாத்துக்கிட்டு?"

"கடலைத்தாங்க."

அவர் கிழக்கே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். புதிதாக ஏதாவது வந்திருக்கிறதோ என்று பார்ப்பதுபோல. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒத்தையாவா வந்திய? வூட்ல எதுவும் மனஸ்தாபமா?" என்று கேட்டார்.

கட்டுரைக்காரர்கள் கையில் அகப்பட்டிருந்தால் இந்த மனிதர் தத்துவம் பேசியிருப்பார். அவர் பேசியது கரிசனம், கொஞ்சம் சந்தேகமும்கூட. கடலைப் பார்த்தபடி ஒரு ஆள் தனியே நின்றால் அந்தப் பக்கத்தில் அவனைக் கண்ணில் வைத்துக்கொள்வார்கள். வண்டியைக் கயிறு கட்டி மீமிசல் பக்கம் ஒரு பட்டறை வரை இழுத்துக்கொண்டு போனார். வழியில் அவர் சொன்னது: துணைக்கு ஆள் கிடைக்காதவன்தான் கடலுக்கு ஒத்தையாகப் போவான். அவருடைய பாஷையில் தனிமை ஒரு குறை, காலில் அடிபட்டதுபோல. கரைவலை ஒன்றை இழுக்க முப்பது பேர் வேண்டியிருக்கிற ஒரு தொழிலிலிருந்து வருகிற பாஷை அது. நம்முடைய பாஷையில் தனிமை ஒரு நகை. இரண்டு பாஷையும் தமிழ்தான். நாம் பார்த்ததாகச் சொல்கிற கடலில் இருக்கிறவன் எந்தத் தமிழ் பேசுகிறான் என்பது நம் கட்டுரைகளில் ஓர் இடத்திலாவது காதில் விழ வேண்டாமா?

கடலோரப் பயணத்தை எழுதுவதற்குத் தமிழில் மாதிரியே இல்லையா என்றால், இருக்கிறது. இந்தச் சாலையின் மேலேயே இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை. 269 அடி. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன் ஒருவன், எதிரே வருகிற இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழியில் முதல் ஊர் எயிற்பட்டினம், கடற்கரை ஊர். இன்றைய மரக்காணத்தை ஒட்டியது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். பிறகு வேலூர், ஆமூர், கடைசியில் கிடங்கில். கிடங்கில் இப்போது திண்டிவனத்துக்குள் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அரை நாள்.

தமிழ்ப் பண்டிதர்கள் இதை வள்ளல் பெருமைக்கும் வரலாற்றுக்கும் மட்டுமே படித்து நாசம் செய்ததில் நம்மைப் போன்றவர்கள் பக்கத்திலேயே போகாமல் இருந்துவிட்டோம். போய்ப் பாருங்கள். வழி சொல்கிறவன் தான் புறப்பட்ட வீட்டை நினைத்துப் பார்க்கிறான். கூரை விழுந்த அடுக்களை, அங்கே அண்மையில் குட்டி போட்ட நாய், கண் திறக்காத குட்டிகள். பாணன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி உப்பில்லாமல் அவித்து, அக்கம்பக்கம் பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். கதவு சாத்திய அந்த அறைக்குள்ளேகூட ஒருவர் தனியாகச் சாப்பிடவில்லை. உப்பில்லாத கீரையிலிருந்து கிளம்பினவனுடைய வழியில் முதலில் கண்ணில் படுவது உப்பு விளையும் கரை. இதைக் கவி திட்டமிட்டாரா தெரியாது, வறுமை திட்டமிட்டிருக்கும்.

எயிற்பட்டினத்துப் பகுதியில் இயற்கை அழகு இல்லாமலில்லை. தாழை அன்னம்போலவும் புன்னை முத்துப்போலவும் பூத்திருக்கின்றன. நம் பயணி அங்கேயே நின்றுவிடுவார். சிறுபாணன் நிற்பதில்லை. அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள் ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதுபோல் கரையில் கிடக்கின்றன என்று ஓர் உவமை வருகிறது. அசாதாரணமான படிமம், இன்றைக்கு எழுதியிருந்தால் அதையே ஒரு தனிக் கவிதையாக்கி நடுப்பக்கத்தில் போட்டிருப்போம். இங்கே அடுத்த கணம் அந்த ஒட்டகங்கள் விறகாகின்றன. அவற்றை எரித்துப் பரதவர் குடும்பத்துப் பெண் கள் காய்ச்சுகிறாள். அந்தக் கள்ளும், சுட்ட உலர்ந்த குழல்மீனும் வீட்டுக்கு வீடு கிடைக்கும் என்று வழி சொல்கிறான். படிமம் அடுப்புக்குள் போய்ப் பசிக்கு உணவாக வெளியே வருகிறது. படிமத்தைப் பற்றி எழுத்து காலத்திலிருந்து எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்! இந்த ஓர் இடத்தை யாராவது தொட்டோமா?

இன்னொன்று, என் கட்சிக்கு இதுதான் முக்கியம்: இலக்கணம். நம் பயணக் கட்டுரையின் வினைமுற்றுகளைப் பாருங்கள். போனேன், நின்றேன், உணர்ந்தேன், கரைந்தேன். தன்மை ஒருமை, இறந்தகாலம். ஆற்றுப்படையின் வினை முன்னிலைப் பன்மை, எதிர்காலம்: போனால் பெறுவீர்கள். தான் பட்டதை அவன் எதிரே வருகிறவனுடைய வயிற்றுக்கு உபயோகமாக மாற்றிவிடுகிறான். எங்கே திரும்ப வேண்டும், யார் வீட்டில் என்ன சோறு, அந்தச் சோறு எந்த நிலத்து விளைவு என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் எதிரே வருகிறவன் பட்டினி கிடப்பான். இந்த நிர்ப்பந்தம்தான் அந்தக் கவியின் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. நம் கட்டுரையை நம்பி யாரும் எங்கும் போகப்போவதில்லை, ஆகவே எதையும் கவனிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. அவனும் பரிசிலுக்காகத்தானே போனான், அதில் என்ன புனிதம் என்று ஒரு நண்பர் கேட்டார். புனிதம் எதுவும் இல்லை. பரிசிலுக்குப் போகிறேன் என்று அவன் முதலிலேயே சொல்லிவிடுகிறான்.

அந்தப் பழைய காலத்துக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. தி. ஜானகிராமனும் சிட்டியும் காவேரியோடு போய் 1971-இல் கொண்டுவந்த 'நடந்தாய் வாழி காவேரி' இரண்டு பேர் எழுதிய புத்தகம். அதில் ஊர் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், சாப்பாடு இருக்கிறது, அலுப்புகூட இருக்கிறது. அலுப்பை எழுதுகிற பயணியை நான் நம்புவேன். நம்முடைய பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் முதுகு வலிக்கவில்லை.

இப்படியெல்லாம் சொன்னால் முற்போக்கு முகாமிலிருந்து கைதட்டல் வரும் என்பது தெரியும். அந்தக் கைதட்டலும் வேண்டாம். அவர்கள் எழுதுகிற மீனவனும் ஒரு காட்சிதான். அலைக்குப் பதிலாகக் கண்ணீர், அஸ்தமனத்துக்குப் பதிலாக ரத்தம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ஒரு வருஷம் வந்த சுனாமிக் கவிதைகளை யாராவது இப்போது எடுத்துப் படிக்க முடியுமா? நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேலானவர்கள் செத்தார்கள். அந்தக் கவிதைகளில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சடலமாக இருந்தார்கள். அதே சமயம், அதே 2004-இல் வந்த ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' நாவலில் ஒவ்வொருவனுக்கும் பெயர், வசவு, கடன், பாவம் எல்லாம் இருக்கின்றன. அதற்கு வெகு முன்பே 1977-இல் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', 1988-இல் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. இவற்றில் கடல் வர்ணனை எவ்வளவு குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. கடல் அவர்களுக்குப் பின்னால் வீட்டுச் சுவர் மாதிரி இருக்கிறது. நாவலாசிரியர்களுக்கு அது தெரிந்திருக்கிறது, கவிகளுக்குத் தெரியவில்லை என்றால் கவிதைக்கு ஏதோ ஆகிவிட்டது.

கரையில் பிறந்தவனுக்குத்தான் கடலை எழுத உரிமை என்று நான் சொல்லவரவில்லை. அது இன்னொரு மடத்தனம். அந்த வாதம் முற்றினால் வங்கிக் குமாஸ்தா வங்கியைத் தவிர எதையும் எழுத முடியாது. வெளியூர்க்காரன் போகட்டும், தனியாகவும் போகட்டும். தனியாகப் போகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாததால் எதிரில் வருகிறவனைக் கேட்டே ஆக வேண்டும். ஆறு நாளில் நான் பேசிய அளவு வங்கியில் ஆறு மாதத்தில் பேசியதில்லை. மரக்காணத்தில் உப்பு வாருகிறவர்கள் ஏன் இருட்டிலேயே வேலையை ஆரம்பிக்கிறார்கள் என்று கேட்டேன். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெளிச்சம் கண்ணை அடித்துவிடும் என்றாள் ஒரு பெண், கையால் நெற்றிக்கு மறைப்புக் கட்டியபடி. அந்த வெள்ளைக் குவியல்களைப் பனிமலை என்று எழுதியவரும் அங்கேதான் நின்றிருப்பார். காலை பத்து மணிக்கு வந்திருப்பார், கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்.

தனுஷ்கோடியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் பன்னிரண்டு பேரும் அங்கேதான் முடிக்கிறார்கள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயலில் ஊரும், பயணிகளோடு வந்த ரயிலும் போனது எல்லோருக்கும் தெரிந்தது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-இல் திறந்தபிறகு அங்கே தனிமை கிடைப்பது கஷ்டம். சுற்றுலா வேன்கள் வட்டமடித்துத் திரும்புகின்றன. அதனால் பாதகமில்லை. சாலையின் தென்பக்கம் மன்னார் வளைகுடா, வடபக்கம் பாக் விரிகுடா. ஒன்றை ஆண் கடல் என்றும் மற்றதைப் பெண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். பன்னிரண்டில் ஐந்து கட்டுரைகள் இந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு ஆணின் ஆவேசம், பெண்ணின் சாந்தம் என்று பக்கம் பக்கமாகப் போகின்றன. ஒருவர் அர்த்தநாரியையே கொண்டுவந்துவிட்டார். எல்லோரும் போனது கோடை விடுமுறையில். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கும் காலம், தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அதன் மறைவில் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று திரும்பினால் பாக் விரிகுடா பக்கம்தான் அடித்துக்கொண்டு எழும்பும், தெற்கே தணிந்துவிடும். மீன் பொரிக்கிற கொட்டகையில் இதை எனக்குச் சொன்னவன் பதினைந்து வயசுப் பையன், ஒரு கையால் ஈ ஓட்டிக்கொண்டே சொன்னான். அந்த ஐந்து கட்டுரைகளையும் கார்த்திகை மாதத்தில் எழுதியிருந்தால் ஆணையும் பெண்ணையும் அப்படியே இடம் மாற்றிப் போட வேண்டியிருந்திருக்கும்.